பதினோராம் நாள் குடித்துவிட்டார், இனி என்ன?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் இருப்பவர்கள் எழுதியவை. மனைவி, மகள், அண்ணன். சிகிச்சையில் இருப்பவரே எழுதியது ஒன்றுதான். அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டுக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். போதை நோய்ப் பிரிவில் இருபத்து நான்கு ஆண்டுகளாக மருத்துவராக இருக்கிறேன். அங்கே பார்த்ததையும் ஆய்வுகளில் படித்ததையும் சேர்த்துத்தான் பதில் சொல்கிறேன்.

என் கணவர் முப்பது நாள் உள்ளே தங்கிச் சிகிச்சை எடுத்தார். வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் குடித்துவிட்டார். கடன் வாங்கிச் சேர்த்தேன், டாக்டர். "இனிமேல் கூட்டிக்கொண்டு போய் என்ன பயன்?" என்று மாமியார் கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதினோராம் நாள் என்று கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள். அத்தனை நாளும் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். ஆனால் பன்னிரண்டாம் நாள் அவர் என்ன செய்தார் என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும். மறுநாள் நிறுத்தினாரா, வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தாரா, விடிந்ததும் மறுபடி போனாரா? அடுத்து என்ன செய்வது என்பது அதைப் பொறுத்தது.

முப்பது நாளில் உடம்பிலிருந்து மது இறங்குகிறது. நடுக்கம் அடங்குகிறது, பசி எடுக்கிறது, முகம் தெளிகிறது. அதைப் பார்த்து வீடு "குணமாகிவிட்டார்" என்று நினைத்துவிடுகிறது. உள்ளே இருந்தபோது அவருக்குக் குடிக்க வழியே இல்லை. குடிக்காமல் இருப்பதை அவர் பழக வேண்டிய இடம் வீடும் வேலையும் பழைய நண்பர்களும்தான். அந்தப் பழக்கம் தொடங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

2000ஆம் ஆண்டில் தாமஸ் மெக்லெல்லன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். போதை நோயை ரத்த அழுத்தம், ஆஸ்துமா, நீரிழிவு ஆகியவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குள் மறுபடி பயன்படுத்துபவர்கள் 40 முதல் 60 சதவீதம். ரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உள்ளவர்களில் ஓராண்டுக்குள் நோய் கூடி மறுபடி மருத்துவரிடம் ஓடுபவர்கள் 50 முதல் 70 சதவீதம். பிரஷர் மாத்திரையை நிறுத்தியதும் பிரஷர் ஏறினால், மாத்திரை நன்றாக வேலை செய்திருக்கிறது என்கிறோம். குடியில் மட்டும், சிகிச்சையை நிறுத்தியதும் குடித்தால், சிகிச்சை தோற்றுவிட்டது என்கிறோம். அந்தக் கட்டுரை கேட்டது இதைத்தான். படித்த நாளிலிருந்து என் மனதை விட்டுப் போகவில்லை.

அதற்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், நானே ஒருவரைக் கடிந்து அனுப்பியிருக்கிறேன். "இத்தனை சொல்லியும் குடித்துவிட்டு வருகிறீர்களே" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மருந்துச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு வரவே இல்லை. சர்க்கரை ஏறி வந்த நோயாளியிடம் நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

பின்னாளில் இன்னொருவர், குடித்துவிட்ட ஒரு மாலையை எனக்காகச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். "6.40 சம்பளம் வந்தது. 7.10 தனியாக நடந்தேன். 7.25 ஒரு டம்ளர். எல்லாம் போச்சு. 8.00 நான்காவது." அவ்வளவுதான், ஐந்து வரி. நாங்கள் இருவரும் அந்த நாலாவது வரியில்தான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதல் டம்ளரிலிருந்து நான்காவதுக்கு அவரைக் கொண்டுபோனது மதுவை விட "எல்லாம் போச்சு" என்ற எண்ணம். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980களில் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்: ஒரு சறுக்கல் முழு வீழ்ச்சியாக மாறுவது பெரும்பாலும் குற்ற உணர்விலும் "நான் தேறமாட்டேன்" என்ற முடிவிலும்தான். அடுத்த முறை அந்த வரியில் என்ன எழுதுவது என்று நாங்கள் பேசி வைத்தோம். "ஒன்றோடு நிறுத்தி அண்ணனுக்குப் போன்" என்று எழுதினார்.

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது. அவரை இந்த வாரமே அதே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மறுபடி முப்பது நாள் உள்ளே தங்குவது கட்டாயம் என்று நினைக்காதீர்கள். வாரம் ஒரு முறை போய் வருவதே போதுமானதாக இருக்கலாம். மருந்து கொடுத்து அனுப்பினார்களா என்று பாருங்கள். பலருக்கு அறிவுரை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், அது எனக்கு மிகுந்த வருத்தம். நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரை குடியில் கிடைக்கும் கிளர்ச்சியைக் குறைக்கும். அமெரிக்காவில் குடிநோய்க்கு 1994லேயே அனுமதி பெற்றது. 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 1383 பேரைப் பதினாறு வாரம் பார்த்தார்கள். நால்ட்ரெக்ஸோனும், மருத்துவரைத் தவறாமல் சந்தித்துப் பேசுவதும் சேர்ந்தபோது நல்ல பலன் கிடைத்தது. அக்காம்ப்ரோசேட் என்ற மற்றொரு மருந்து அந்த ஆய்வில் சோபிக்கவில்லை. ஆனால் வேறு பல ஆய்வுகளில் பலன் தந்திருக்கிறது. நால்ட்ரெக்ஸோனுக்கு ஈரலையும் அக்காம்ப்ரோசேட்டுக்குச் சிறுநீரகத்தையும் பார்த்துக் கொடுக்க வேண்டும். மருத்துவரிடம் நீங்களே வாய் திறந்து கேளுங்கள்.

இன்னொன்று. குடித்த இரவில் அவர் கையை நீட்டுகிறார் என்றால், இதெல்லாம் அப்புறம். நீங்களும் குழந்தைகளும் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மருந்து இருக்கிறதாமே? கலந்து கொடுத்தால் குடியை வெறுத்துவிடுவார் என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

அப்படி விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. டைசல்ஃபிரமாக இருக்கலாம். அது ஒரு நல்ல மருந்துதான், தெரிந்து சாப்பிட்டால். 1940களின் இறுதியில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்டு, எரிக் யாகோப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று பார்க்க அதைத் தாங்களே விழுங்கினார்கள். பிறகு மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டியது. மது உடம்பில் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும். சாதாரணமாக அது உடனே கரைந்துவிடும். இந்த மருந்து அதைக் கரையவிடாமல் தேக்கிவைக்கிறது.

குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்திருப்பதுதான் அந்த மருந்தின் பலமே. காலையில் மாத்திரையை விழுங்கினால் அன்றைக்குக் குடிப்பதா வேண்டாமா என்ற பேச்சு முடிந்துவிடுகிறது. தெரியாமல் கொடுத்தால் அந்தப் பலன் துளிகூட இல்லை, ஆபத்து மட்டும் முழுதாக இருக்கிறது. ரத்த அழுத்தம் விழுந்து, இதயம் தடுமாறி இறந்தவர்கள் உண்டு. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் விளைவு உடம்பில் இருக்கும். அப்புறம், என்றாவது ஒரு நாள் அவருக்குத் தெரியத்தான் போகிறது. அதற்குப் பிறகு நீங்கள் தருகிற எந்த மாத்திரையையும் அவர் நம்பி வாயில் போடமாட்டார்.

அப்பா தினமும் காலையிலேயே குடிப்பவர். வரும் திங்கள் முதல் தொடவே மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். போன முறை நிறுத்தியபோது இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. இந்த முறை நாங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம் மகளே. வலிப்பு வந்தவரை வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாது. இதைப் படித்ததும் மருத்துவமனையில் பேசுங்கள். அங்கே போகும்வரை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவும் வேண்டாம்.

பல ஆண்டுகள் தினமும் குடித்தவரின் மூளை, மதுவின் அமுக்கலைச் சமாளிக்கத் தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கும். திடீரென்று அமுக்கல் போனால் முறுக்கு மட்டும் மிஞ்சும். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், சிலருக்கு, இல்லாதவர்கள் தெரிவார்கள், இருக்கும் இடம் தெரியாது, காய்ச்சல் ஏறும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்போம். முறையாகக் கவனித்தால் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்வார்கள். கவனிக்காவிட்டால் உயிர் போகும். ஒரு காலத்தில் இது சத்துக் குறைவால் வருகிறது என்றே பலர் நினைத்தார்கள். ஹாரிஸ் ஐஸ்பெல்லும் குழுவினரும் 1955இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல உணவும் வைட்டமின்களும் கொடுத்து வாரக்கணக்கில் மது கொடுத்து நிறுத்தியபோதும் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வந்தன. நிறுத்தியதுதான் காரணம் என்று அப்போது உறுதியானது. இன்றைக்கு அப்படி ஓர் ஆய்வைச் செய்ய யாரும் அனுமதிக்கமாட்டார்கள், செய்யவும் கூடாது.

ஒவ்வொரு முறை திடீரென்று நிறுத்தும்போதும் அடுத்த முறை வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் "போன முறை சமாளித்தோம்" என்பது தைரியம் தரும் செய்தி இல்லை.

வார்டில் என்ன செய்வோம் என்று சொன்னால் அப்பாவுக்குப் பயம் குறையலாம். செவிலியர் வந்து இரண்டு கைகளையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வார். நடுக்கம் சில நேரம் கண்ணுக்குத் தெரியாது. தன் விரல் நுனிகளை அவர் விரல் நுனிகளோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார். மெல்லிய அதிர்வு அங்கே தெரியும். அதற்கு ஒரு மதிப்பெண். வியர்வை, குமட்டல், பதற்றம், தலைவலி என்று மொத்தம் பத்து விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டு, அதற்கேற்ப மருந்தைக் கூட்டுவோம், குறைப்போம். சில மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும். எங்கள் பிரிவில் ஒரு மூத்த செவிலியர் இருந்தார்; விரல் நுனியைத் தொட்டுவிட்டு "இன்னிக்கு ராத்திரி இவரைப் பார்த்துக்கணும்" என்று சொன்னால் நான் வீட்டுக்குப் போகமாட்டேன்.

தயமின், அதாவது பி1 வைட்டமின், ஊசியாகப் போடுவார்கள். அவசரத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் அதற்கு முன்பாகவோ உடன் சேர்த்தோ தயமின் போக வேண்டும். இந்தச் சத்து தீர்ந்துபோனால் நடை தள்ளாடும், கண் அசைவு கெடும், குழப்பம் வரும். கார்ல் வெர்னிக்கே 1881லேயே எழுதிவைத்த நோய் இது. கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். குடிபோதைத் தள்ளாட்டம் என்று நினைத்து இதைத் தவறவிடுவது இன்றும் நடக்கிறது. அப்பாவைச் சேர்க்கும்போது "தயமின் போட்டீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

தம்பி ஹெராயினை விட்டு ஏழு மாதம் ஆகிறது. நாக்குக்கு அடியில் வைக்கிற புப்ரினார்ஃபின் மாத்திரை தினமும் எடுக்கிறான். "ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டான்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எப்போது நிறுத்தலாம்?

தம்பி வேலைக்குப் போகிறானா, சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, பொய் சொல்வதை நிறுத்திவிட்டானா? ஆம் என்றால், உறவினர்கள் பேச்சைக் கேட்டு அந்த மாத்திரையில் கை வைக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஸ்டாக்ஹோமில் நடந்த ஓர் ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வந்தது. யோஹான் காக்கோவும் குழுவினரும் ஹெராயினுக்கு அடிமையான நாற்பது பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இருபது பேருக்கு ஓராண்டு முழுவதும் புப்ரினார்ஃபின். மற்ற இருபது பேருக்கு ஆறு நாளில் படிப்படியாகக் குறைத்து, பிறகு வெற்று மாத்திரை. ஆலோசனையும் குழுச் சந்திப்பும் இரு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் நான்கில் மூன்று பேர் சிகிச்சையில் இருந்தார்கள். மற்றவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த இருபது பேரில் நால்வர் இறந்துபோனார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அந்த நான்கு என்ற எண்ணை என் மாணவர்களிடம் நான் சொல்லாமல் விட்டதில்லை.

ஏன் இறக்கிறார்கள்? சில வாரம் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவை நினைத்து ஒரு முறை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தோ சிகிச்சை மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள் இதனால்தான் மிகவும் ஆபத்தானவை.

புப்ரினார்ஃபின் மூளையில் ஹெராயின் போய் உட்காரும் அதே இடத்தில் உட்காருகிறது, ஆனால் பாதி வேலைதான் செய்கிறது. ஓர் அளவுக்கு மேல் எத்தனை எடுத்தாலும் அதன் விளைவு ஏறாது. இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் மேலே ஹெராயின் எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. நாள் முழுவதும் சீராக இருக்கும். காலையில் தவிப்பு, மதியம் தேடல், இரவு மயக்கம் என்ற ஏற்ற இறக்கம் நின்றுபோகிறது. அந்த அமைதியில்தான் ஒருவரால் வேலையையும் உறவையும் திருப்பிக் கட்ட முடிகிறது. இந்த வழியை மெத்தடோன் மருந்தோடு முதலில் காட்டியவர்கள் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர். 1965இல் வெளியான அவர்களது முதல் கட்டுரையில் இருந்தது வெறும் 22 நோயாளிகள். 2005இல் உலகச் சுகாதார நிறுவனம் இரண்டு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் பிரிவில் மாத்திரை வைத்தவர்கள் வரிசையாக வாயை மூடி உட்கார்ந்திருப்பார்கள். கரையப் பத்து நிமிடம் வரை ஆகும், விழுங்கினால் பலன் குறைவு. யாராவது பேச்சுக் கொடுத்தால் விரலால் கடிகாரத்தைக் காட்டுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தைத் தவறாமல் உட்கார்ந்து கழித்த ஒருவர் இன்று தன் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் வழியில் வந்து மருந்து வாங்கிப்போகிறார்.

எப்போது நிறுத்துவது என்பதைத் தம்பியும் அவன் மருத்துவரும் முடிவு செய்யட்டும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தாலும் தவறில்லை. கிடைக்கும் இடமென்றால் நலாக்ஸோன் மூக்கு ஸ்ப்ரே ஒன்றை வீட்டில் வைத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொள்ளுங்கள். நின்றுபோகும் மூச்சை அது சில நிமிடங்களில் திருப்பும். கொடுத்த கையோடு ஆம்புலன்ஸையும் கூப்பிட வேண்டும். மருந்தின் வேகம் தணிந்ததும் மயக்கம் திரும்பலாம்.

"தானாக உணர்ந்து வந்தால்தான் உண்டு, அதுவரை ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள். என் மகன் வரவே மறுக்கிறான்.

இது முழு உண்மை இல்லை. ராபர்ட் மேயர்ஸ் என்பவர் குடும்பத்தாருக்கென்றே ஒரு பயிற்சியை உருவாக்கினார். 1999இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் குடும்பத்தார் 130 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். அவரது முறையைக் கற்றவர்களில் 64 சதவீதம் பேர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோரும் ஒன்றுகூடி எதிரே உட்கார்ந்து முகத்துக்கு நேராகச் சொல்லும் முறையில் 30 சதவீதம். குடும்பத்தார் தங்களை மட்டும் கவனித்துக்கொள்ளும் முறையில் 13.

அதில் என்ன சொல்லித் தருகிறார்கள்? போதை இல்லாத நேரத்தில் அவனோடு உட்காருங்கள், சிரித்துப் பேசுங்கள், அந்த நேரம் அவனுக்கு இனிமையாக இருக்கட்டும். போதையில் இருக்கும்போது சண்டையும் வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம், விலகிவிடுங்கள். அவன் எழுந்திருக்காத நாளில் "காய்ச்சல்" என்று நீங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்யாதீர்கள். அந்தப் போனை அவனே செய்யட்டும். அவன் தானாக வருந்திப் பேசும் ஒரு நேரம் வரும். அந்த நேரத்தில் "ஒரு முறை மட்டும் வந்து பேசிப் பார், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்" என்று சொல்லுங்கள். அன்றைக்கே போகிற மாதிரி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். இரண்டு நாள் தள்ளினால் அந்த மனநிலை போய்விடும்.

என் மாமா ஒரே நாளில் விட்டார். மனவுறுதி இருந்தால் போதாதா?

மாமாவுக்கு என் வாழ்த்துகள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் தொடர்ந்து பார்த்தார். அங்கே இருந்தபோது ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாக இருந்தார். ஊர் திரும்பிய முதல் ஓராண்டில், அப்படி அடிமையானவர்களில் மறுபடி அதில் விழுந்தவர்கள் சுமார் 5 சதவீதம். அத்தனை பேருக்கும் திடீரென்று மனவுறுதி முளைத்துவிடவில்லை. இடம் மாறியது, பயம் போனது, கைக்கெட்டும் தூரத்தில் ஹெராயின் இல்லை, காத்திருக்கும் வீடு இருந்தது. மாமாவுக்கு எவை கைகொடுத்தன என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். அதே வாய்ப்பு இல்லாதவரை உறுதியில்லாதவர் என்று சொல்லாதீர்கள்.

குடியை விட்டு எட்டு மாதம். போன வாரம் கனவில் குடித்தேன். எழுந்தபோது வாயில் அந்த ருசி. உண்மையிலேயே குடித்துவிட்டேனோ என்று கையை முகர்ந்து பார்த்தேன். மனைவியிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

ஐயா, மனைவியிடம் சொல்லுங்கள். இந்தக் கனவு குடியை விட்டவர்களில் ஏராளமானோருக்கு வருகிறது. மாதங்கள் கழித்தும் வரும், ஆண்டுகள் கழித்தும் எப்போதாவது வரும். தூக்கம் முழுவதுமாகச் சீராகவே பல மாதங்கள் ஆகும். எழுந்ததும் பதறிக் கையை முகர்ந்தீர்கள் இல்லையா? அந்தப் பதற்றத்தை நான் நல்ல அறிகுறியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கனவில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், உடன் யார் இருந்தார், அன்று பகலில் என்ன நடந்தது? மறப்பதற்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பகலில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கோபமோ களைப்போ அங்கே இருக்கக்கூடும். அடுத்த சந்திப்பில் அந்தத் தாளை உங்கள் ஆலோசகரிடம் கொடுங்கள். பகலிலும் அந்த ருசி நாக்கில் நின்றால் சந்திப்பு நாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே கூப்பிடுங்கள்.